எந்த நரம்பு? மலையில் இருந்தபடியே மூளையைப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

கொடைக்கானல் பக்கத்துப் பெருமாள்மலையில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் ட்யூஷன் எடுக்கிறேன். நரம்பு மண்டலப் பாடம் வந்தால், புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் ஒன்று கேட்பேன்: "உன் கையில் ஒரு நரம்பைத் தொட்டுக் காட்டு பார்ப்போம்." எல்லோரும் புறங்கையில் பச்சையாகப் புடைத்திருக்கும் கோட்டைக் காட்டுவார்கள். அது நரம்பே இல்லை. அது சிரை, இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பி எடுத்துப் போகும் குழாய். ஆனால் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் சிரையில் போடும் ஊசிக்கு நரம்பு ஊசி என்றுதான் பெயர், காலில் சிரை புடைத்தால் நரம்புச் சுருட்டல், தூக்கத்தில் கெண்டைக்கால் சதை பிடித்தால் 'நரம்பு இழுத்துக்கிச்சு', கை நடுங்கினாலும் நரம்புத் தளர்ச்சி, ஆள் சோர்ந்திருந்தாலும் நரம்புத் தளர்ச்சி. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் லாட்ஜ் வைத்தியர் ஒட்டும் போஸ்டரில் வருகிற நரம்புத் தளர்ச்சி இன்னொரு வகை, அதைப் பிள்ளைகள் முன்னால் எடுப்பதில்லை.

மூளை, புலன்கள், நரம்பு நோய்கள் பற்றிப் புதிதாகத் தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டாக்டருக்குப் படிக்கப் போகிறவராக இருக்க வேண்டியதில்லை. வீட்டில் வயதானவர்கள் இருந்தாலே இது ஒருநாள் தேவைப்படும். என் வழி எளிது: படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்யாதீர்கள், முடிந்தவரை உங்கள் உடம்பிலேயே செய்து பாருங்கள், பெயர்கள் அப்புறம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். வேண்டிய சாமான்: முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல், நாலு பல் பூண்டு, ஒரு தைலப் புட்டி, இரண்டு வகை சாக்லேட், ஒரு நோட்டு.

முதலில் தசைநாண், சிரை, நரம்பு மூன்றையும் பிரித்துக்கொள்ளுங்கள்

கையை நீட்டி முஷ்டியை இறுக்குங்கள். மணிக்கட்டின் உள்பக்கம் கயிறு மாதிரி எழும்புவது தசைநாண், தசையை எலும்போடு கட்டி வைத்திருப்பது. பச்சைக் கோடு சிரை. இப்போது முழங்கையை மடக்கி, உள்பக்கம் துருத்தும் எலும்புக்கும் முழங்கை நுனிக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தில் விரலை வைத்து மெதுவாக உருட்டிப் பாருங்கள். சுண்டுவிரலிலும் மோதிர விரலின் பாதியிலும் 'சுர்'ரென்று ஏதோ ஓடும். கதவு நிலையில் இடித்துக்கொண்டால் கரண்ட் அடித்த மாதிரி இருக்குமே, அதே இடம்தான். அங்கே தோலுக்குச் சற்று உள்ளே போவது அல்நார் நரம்பு. ஆக, நீங்கள் தொட்ட முதல் நரம்பு இது.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள், ஏனென்றால் இந்தக் கட்டுரை முழுவதும் இந்த ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் போகப் போகிறது. தொட்டது முழங்கையை, உணர்ந்தது விரலில். அந்த இழைகள் விரலிலிருந்து வருபவை, அதனால் வழியில் எங்கே தட்டினாலும் மூளை அதை 'விரல்' என்றே எடுத்துக்கொள்கிறது. முதுகுத்தண்டில் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்தினால் கெண்டைக்காலில் வலிப்பதும் இப்படித்தான், காலுக்குத் தைலம் தேய்த்துத் தேய்த்துப் பயனில்லாமல் போவதும் இதனால்தான். இதன் உச்சம் என்னவென்றால், கை துண்டிக்கப்பட்ட பிறகும் இல்லாத கையில் வலிக்கிறது என்பார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துப் பிறகு அமெரிக்காவில் ஆய்வாளரான வி.எஸ். ராமச்சந்திரன், 1990களில் ஒரு பெட்டிக்குள் கண்ணாடியை நிறுத்தி, இருக்கிற கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி காட்டினார். பிம்பம் விரலை விரிக்கும்போது, இல்லாத கையின் இறுக்கம் சிலருக்குத் தளர்ந்தது. கை இல்லை, ஆனால் மூளையில் கைக்கான இடம் காலியாகவில்லை.

வலிக்கிற இடம் ஒன்று, பழுது வேறெங்கோ இருக்கலாம். இதை நோட்டில் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து பஸ்

வத்தலக்குண்டு தாண்டி காட்ரோட்டில் திரும்பினால் மலை ஆரம்பம். டம்டம் பாறை வருவதற்குள் யாராவது ஒருவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிவிடுவார். வெளியூர்க்காரர்கள் இதை வயிற்றுக் கோளாறு என்று நினைத்து வெறும் வயிற்றோடு வருகிறார்கள், அப்படியும் குமட்டுகிறது. பழுது வயிற்றில் இல்லையே, எப்படி நிற்கும்?

ஒவ்வொரு காதின் உள்ளேயும் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன, மூன்றும் மூன்று திசையில். தலை திரும்பும்போது குழல் உடனே திரும்பிவிடும், உள்ளே இருக்கும் திரவம் கொஞ்சம் பின்தங்கும். சொம்பில் தண்ணீர் வைத்துச் சட்டென்று சுழற்றிப் பார்த்தால் தண்ணீர் பின்தங்குவது தெரியும். அந்தப் பின்தங்கல் அங்கிருக்கும் மயிரிழை போன்ற அணுக்களை வளைக்க, 'திரும்புகிறோம்' என்ற செய்தி மூளைக்குப் போகிறது. கொண்டை ஊசி வளைவில் காது இப்படிக் கத்திக்கொண்டிருக்கும்போது, முன் சீட்டின் முதுகையோ கையிலிருக்கும் போனையோ பார்க்கும் கண், 'ஒன்றுமே அசையவில்லை' என்கிறது. இரண்டு சாட்சிகளும் முரண்படுகிறார்கள், மூளை குழம்புகிறது, தண்டனை வயிற்றுக்கு. டிரைவருக்கு ஏன் வருவதில்லை என்று கேட்டால், அவர் ஸ்டியரிங்கைத் திருப்புவதற்கு முன்பே அவர் மூளைக்கு அடுத்து என்ன அசைவு வரும் என்று தெரியும். எதிர்பார்த்ததே வருவதால் முரண்பாடு குறைவு.

இதிலிருந்தே மருந்தும் கிடைக்கிறது. முன் பக்கச் சீட்டு, பார்வை தூரத்து மலை விளிம்பில், போன் பைக்குள், வயிற்றில் இரண்டு இட்லி மட்டும். எலுமிச்சம்பழம் முகர்வதை நான் கேலி செய்யமாட்டேன், எங்கள் வீட்டிலும் உண்டு, கெடுதல் எதுவும் இல்லை. அவோமின் மாதிரி மாத்திரையை வாந்தி எடுத்த பிறகு போடுவதில் அர்த்தமில்லை, மலை ஏறுவதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். தூக்கம் வரும் என்பதால் வண்டி ஓட்டுகிறவர் போடக்கூடாது, சின்னக் குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது.

காதும் கண்ணும் கூட்டாக வேலை செய்வதையும் அங்கேயே பார்த்துவிடலாம், பஸ் டீக்கடையில் நிற்கும்போது. நோட்டை அசையாமல் பிடித்து, தலையை இடம் வலமாக 'இல்லை இல்லை' என்று வேகமாக ஆட்டிக்கொண்டே படியுங்கள். எழுத்து தெளிவாகவே இருக்கும். இப்போது தலையை நிறுத்திவிட்டு நோட்டை அதே வேகத்தில் ஆட்டுங்கள். எழுத்து கலங்கிவிடும். முதல் தடவை, தலை எவ்வளவு திரும்புகிறது என்று காது சொல்ல, கண் அதே அளவு எதிர்ப்பக்கம் நகர்ந்து ஈடுகட்டியது. இரண்டாவது தடவை காதுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

படுக்கையில் ஒரு பக்கம் புரண்டால் மட்டும் அறையே சில நொடி சுற்றுகிறது என்று சொல்பவர்கள் நிறைய. பெரும்பாலும் காதுக்குள் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறி அரைவட்டக் குழலுக்குள் விழுந்திருக்கும். தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பி அவற்றை வெளியே உருட்டிவிடும் எப்லி முறை என்று ஒன்று உண்டு, காது மூக்கு தொண்டை டாக்டர் சில நிமிடங்களில் செய்துவிடுவார். இதை 'மூளையில் ரத்த ஓட்டம் கம்மி' என்று எண்ணி மாதக்கணக்காக மாத்திரை விழுங்கியவர்களை எனக்குத் தெரியும்.

பூண்டும் தைலமும் சாக்லேட்டும்

பூம்பாறைப் பக்கத்து மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் ஒரு பல்லைப் பச்சையாக நசுக்கி நாக்கில் வையுங்கள், கொஞ்சமாக. எரிகிறதல்லவா? காரம் என்பது சுவையே இல்லை. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (காளான், தக்காளியில் வருகிற ருசி) ஆகியவற்றுக்குத்தான் நாக்கில் சுவை உணரிகள் உண்டு. பூண்டை நசுக்கும்போது உருவாகும் அலிசின், எரிச்சலையும் வலியையும் தெரிவிக்கும் நரம்பு முனைகளில் உள்ள புரதக் கதவுகளைத் திறந்துவிடுகிறது. அடுத்த பல்லை உரிக்காமல் நெருப்பில் சுட்டுத் தின்னுங்கள், எரியாது, ஏனென்றால் அலிசினை உருவாக்கும் நொதி சூட்டில் செத்துவிட்டது.

மிளகாயும் இதே கதைதான், கதவு மட்டும் வேறு. 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் திறக்க வேண்டிய கதவை மிளகாயின் கேப்சைசின் சூடே இல்லாமல் திறந்துவிடும். மூளைக்குத் தெரிந்தது 'அந்தக் கம்பி அடித்தது, ஆகவே சுடுகிறது' என்பது மட்டும். தைலம் இதற்கு நேர் எதிர்: மெந்தாலும் யூகலிப்டஸ் எண்ணெயும் குளிரைச் சொல்லும் கதவைத் திறக்கின்றன, தோலின் வெப்பம் குறையாமலே ஜில்லென்கிறது. இந்தச் சூட்டுக் கதவைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸும், அழுத்தத்தை உணரும் கதவுகளைக் கண்டுபிடித்த ஆர்டெம் படாபூட்டியனும் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். நம் ஆச்சிமார் தைலம் தேய்த்ததும் 'வலி இறங்கிடுச்சு' என்பது பொய்யில்லை, தேய்க்கிற அழுத்தமும் குளிர்ச்சியும் வலிச் செய்தியோடு போட்டி போடுகின்றன. வலிக்கான காரணம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

சாக்லேட் சோதனைக்கு ஏழு ரோட்டுப் பக்கம் எந்தக் கடையிலும் கிடைக்கும் ஹோம்மேட் சாக்லேட்டில் ஆரஞ்சு ஒன்று, காபி ஒன்று வாங்குங்கள். கண்ணை மூடி, மூக்கைப் பொத்திக்கொண்டு ஒவ்வொன்றாக வாயில் போட்டால் இரண்டும் வெறும் இனிப்பும் கசப்பும்தான். மென்றுகொண்டே மூக்கை விடுங்கள், ஆரஞ்சு எங்கிருந்தோ வந்து குதிக்கும். மற்ற புலன்களின் செய்தி எல்லாம் தலாமஸ் என்ற சந்திப்பைக் கடந்தே மூளையின் மேல்பகுதிக்குப் போகிறது, வாசனை மட்டும் அந்த நிறுத்தத்தில் இறங்காமல் நினைவும் உணர்ச்சியும் இருக்கும் பகுதிகளுக்குப் பக்கத்திலேயே போய் இறங்குகிறது. ஈர யூகலிப்டஸ் விறகு எரியும் வாசனை வந்தால் எனக்கு இன்னும் அப்பத்தாவின் அடுப்படி வந்துவிடும்.

வேகத்தை அளந்து பாருங்கள்

நண்பர் ஒருவரை ஸ்கேலின் மேல் நுனியைப் பிடித்துத் தொங்கவிடச் சொல்லுங்கள். பூஜ்யத்துக்கு நேரே உங்கள் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் தொடாமல் காத்திருக்கட்டும். அவர் சொல்லாமல் விடும்போது பிடியுங்கள். 20 சென்டிமீட்டரில் பிடித்தால் உங்களுக்கு ஏறக்குறைய 0.2 நொடி ஆகியிருக்கிறது, 15இல் பிடித்தால் 0.175 நொடி. கண்ணிலிருந்து மூளை, முடிவு, தண்டுவடம், கை என்று அந்த நேரம் செலவாகிறது. முழங்காலுக்குக் கீழே தட்டினால் கால் உதறுவது இதைவிடப் பல மடங்கு வேகம், ஏனென்றால் அந்தச் செய்தி தண்டுவடம் வரை போய் அங்கேயே திரும்பிவிடுகிறது. மூளைக்குத் தகவல் அப்புறம்தான். பாடப் புத்தகத்தில் இதற்குப் பெயர் அனிச்சைச் செயல்.

எல்லா இழைகளும் ஒரே வேகம் இல்லை. மயலின் என்ற கொழுப்பு உறை போட்ட தடித்த இழைகளில் செய்தி நொடிக்கு நூறு மீட்டருக்கு மேல்கூடப் போகும், உறை இல்லாத மெல்லிய வலி இழைகளில் நொடிக்கு ஒரு மீட்டர் அளவுதான். கால் கட்டைவிரலைக் கல்லில் இடித்ததும் முதலில் 'இடிச்சுட்டோம்' என்று தெரிந்து, ஒரு கணம் கழித்து மெதுவாக எரிச்சல் பரவுமே, அந்த இடைவெளி இதுதான்.

இரவில் செய்ய வேண்டியது

மார்கழி இரவில் மேகம் இல்லாமல் இருந்தால் வெளிச்சம் இல்லாத இடத்துக்குப் போய் இருபது, முப்பது நிமிடம் போனைப் பார்க்காமல் இருங்கள். பிறகு கார்த்திகையைத் தேடுங்கள், நம் முருகனின் அறுமீன்தான். நேராக முறைத்துப் பார்த்தால் ஐந்தோ ஆறோ தெரியும். பார்வையைச் சற்றுத் தள்ளி வைத்து ஓரக் கண்ணால் பார்த்தால் மங்கலானவை இன்னும் சில எட்டிப் பார்க்கும். விழித்திரையில் மங்கல் வெளிச்சத்துக்கான குச்சி அணுக்கள் சுமார் 12 கோடி இருந்தும், நாம் நேராகப் பார்க்கும் நட்டநடு இடத்தில் ஒன்றும் இல்லை. அங்கே நிறத்துக்கும் நுணுக்கத்துக்குமான கூம்பு அணுக்கள் மட்டும்தான்.

கண்ணில் ஓட்டையே உண்டு. நோட்டில் ஏழரை சென்டிமீட்டர் இடைவெளியில் இடது பக்கம் ஒரு பெருக்கல் குறி, வலது பக்கம் ஒரு கரும்புள்ளி போடுங்கள். இடது கண்ணை மூடி, வலது கண்ணால் பெருக்கல் குறியையே பார்த்தபடி நோட்டை முன்னும் பின்னும் நகர்த்தினால், ஒரு சாண் தாண்டி ஓரிடத்தில் புள்ளி காணாமல் போகும். பார்வை நரம்பு விழித்திரையைத் துளைத்து வெளியேறும் இடம் அது, அங்கே ஒளி உணரும் அணு கிடையாது. ஆனால் கறுப்பு ஓட்டை எதுவும் தெரியாது, மூளை சுற்றியிருக்கும் தாளின் வெள்ளையை எடுத்து அந்த இடத்தைப் பூசி மெழுகிவிடும். பிறந்ததிலிருந்து இப்படித்தான் பூசிக்கொண்டிருக்கிறது.

இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி

மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பங்கு பின்தலையில் அடியில் இருக்கும் சிறுமூளையில் என்பது பலருக்கும் ஆச்சரியம். ஓர் அணுவுக்குள் செய்தி மின்துடிப்பாக ஓடுகிறது, அடுத்த அணுவுக்குப் போகும் இடத்தில் பெரும்பாலும் ஒரு நுண்ணிய இடைவெளி, சினாப்ஸ். அங்கே மின்சாரம் நின்று, ரசாயனம் தோணி ஏறிக் கடக்கிறது. 1921இல் ஓட்டோ லேவி ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்து, அதைச் சுற்றியிருந்த திரவத்தை இன்னொரு தவளை இதயத்தின் மேல் ஊற்றினார். அதன் துடிப்பும் குறைந்தது. அந்த ரசாயனம்தான் அசிட்டைல்கோலின்.

இது எங்கோ ஐரோப்பியத் தவளைக் கதை என்று நினைக்க வேண்டாம். மேல்மலையில் உருளைக்கிழங்குக்கும் பீன்சுக்கும் மருந்து அடிக்கிறவர்களுக்கு இது தினசரி விஷயம். ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து, அசிட்டைல்கோலினை வேலை முடிந்ததும் உடைக்க வேண்டிய நொதியை முடக்குகிறது. ரசாயனம் இடைவெளியில் தேங்கி நிற்கும். வாயில் எச்சில் வழியும், வியர்க்கும், கண்மணி குண்டூசி முனையாகச் சுருங்கும், சதை துடிக்கும், மூச்சு திணறும். மருந்து அடித்தவருக்கு இவை வந்தால் சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி (கழுவுகிறவரும் கையில் உறை மாட்டிக்கொண்டு), மருந்துப் புட்டியையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அங்கே போடும் மாற்று மருந்து அட்ரோபின்.

அட்ரோபின் ஊமத்தை வகைச் செடிகளில் இருப்பது. கொடைக்கானல் வேலியோரங்களில் தலைகீழாகத் தொங்கும் பெரிய மணிப் பூக்கள், வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, எல்லோரும் நின்று போட்டோ எடுப்பார்களே, அது ஊமத்தையின் நெருங்கிய சொந்தம். அதைத் தின்றால் பூச்சிமருந்துக்கு நேர் எதிரான கோலம்: வாய் வறளும், கண்மணி விரியும், இதயம் படபடக்கும், இல்லாததெல்லாம் தெரியும், ஆள் பிதற்றுவார். அதற்காக வேலிப் பூவை யாரும் மருந்தாக நினைத்துவிடாதீர்கள், அளவு தப்பினால் அதுவே ஆளைக் கொல்லும். போதைக் காளான் தேடி வரும் பையன்களுக்கும் ஒரு வார்த்தை. அதிலிருக்கும் சைலோசிபின், மூளையின் இன்னொரு செய்தி ரசாயனமான செரோட்டோனினின் பூட்டில் கள்ளச்சாவி போடுவது, சட்டப்படி குற்றம், தப்பான காளானைப் பறித்தால் கல்லீரலே போய்விடும். மூளையைப் படிக்க அது வழியல்ல.

அப்பத்தாவின் 'சரி'

இனி நோய்கள். நான் இதையெல்லாம் படிக்கத் தொடங்கியதே இதனால்தான்.

ஒருநாள் இருட்டும் நேரத்தில் அப்பத்தாவின் கையிலிருந்த டம்ளர் நழுவியது. வாய் ஒரு பக்கம் இழுத்தது, பேச்சு குழறியது. குளிர்காற்று அடித்துவிட்டது என்றார்கள். வலது கைக்குத் தைலம் தேய்த்தோம், சுக்குத் தண்ணீர் புகட்டினோம், காலையில் முதல் பஸ்ஸில் கீழே கூட்டிப் போகலாம் என்று படுக்க வைத்தோம். அங்கே டாக்டர் முதலில் கேட்டது, "எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?" சொன்னோம். அவர் ஒன்றும் பேசவில்லை.

தைலம் தேய்த்தது கையில், பழுது இடது மூளையில். மூளையிலிருந்து கை கால்களுக்கு வரும் இழைகளில் பெரும்பாலானவை, தண்டுவடத்துக்கு மேலே மூளையின் அடியில் இருக்கும் முகுளத்தில் பக்கம் மாறுகின்றன, அதனால் இடது மூளையில் இரத்தக் குழாய் அடைத்தால் வலது கை விழும். பேச்சும் பெரும்பாலானவர்களுக்கு இடது பக்கமே. 1861இல் பாரிஸில் பால் ப்ரோகா என்ற டாக்டர், எதைக் கேட்டாலும் 'டான்' என்று மட்டும் சொல்லக்கூடிய ஒரு நோயாளி இறந்த பிறகு மூளையைத் திறந்து பார்த்தார், இடது முன்பகுதியில் சிதைவு இருந்தது. எங்கள் அப்பத்தாவுக்கு 'டான்' இல்லை, 'சரி'. பசித்தால் சரி, கோபம் வந்தால் சரி, வேண்டாம் என்பதற்கும் தலையை ஆட்டிக்கொண்டே சரி. நாம் சொல்வதெல்லாம் புரியும். சொல்ல நினைத்தது வராமல் போகும்போது கண்ணில் தண்ணீர் நிற்கும். ஆனால் என் தங்கை பிள்ளையை மடியில் போட்டால் தாலாட்டு மட்டும் வார்த்தையோடு வரும், பாட்டு நின்றால் மறுபடி சரி. இப்படிப் பேச்சு போய்ப் பாட்டு தங்குவது பலரிடம் பதிவாகியிருக்கிறது, பாட்டுக்கு வலது மூளையும் கைகொடுக்கிறது என்கிறார்கள்.

குழாய் அடைத்த பக்கவாதத்தில் ஒவ்வொரு நிமிடமும் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. அடைப்பைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி ஆரம்பித்த நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்து, இது அடைப்பா இரத்தக்கசிவா என்று பார்க்க வேண்டும். கொடைக்கானலிலிருந்து மதுரை சுமார் 120 கிலோமீட்டர், மலைப் பாதையையும் சேர்த்து மூன்று மணி நேரமாவது ஆகும். மேல்மலைக் கிராமங்களான கிளாவரையிலோ கவுஞ்சியிலோ இருப்பவர் கொடைக்கானல் வருவதற்கே தனியாக நேரம் வேண்டும். நமக்கு யோசிக்க அவகாசமே கிடையாது, கீழே இருப்பவர்களுக்காவது கொஞ்சம் உண்டு.

ஆகவே இதை அப்படியே செய்யுங்கள். சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்லுங்கள், ஒன்று தானாக இறங்குகிறதா? ஒரு முழு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள், குழறுகிறதா? திடீரென்று நடை தள்ளாடினாலும், ஒரு கண்ணோ பாதிப் பார்வையோ போனாலும் அதே சந்தேகம்தான். ஒன்று இருந்தாலும் 108. கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்தைக் கையிலேயே பேனாவால் எழுதுங்கள். தண்ணீர், கஷாயம் எதுவும் வாயில் ஊற்றாதீர்கள், விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடும். ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், கசிவாக இருந்தால் நிலைமை மோசமாகும். பத்து நிமிடத்தில் தானாகச் சரியானாலும் போகத்தான் வேண்டும், அது பெரியது வருவதற்கு முன் வரும் எச்சரிக்கையாக இருக்கலாம். எந்த ஆஸ்பத்திரியில் இராத்திரியிலும் ஸ்கேன் உண்டு, அந்த ஊசி உண்டு என்று இன்றைக்கே விசாரித்து வையுங்கள். குளிர்காற்றில் முகம் கோணுவது என்று சொல்கிறார்களே, அது முக நரம்பு வீங்கும் பெல்ஸ் வாதமாக இருக்கலாம். அதில் அந்தப் பக்க நெற்றியைச் சுருக்கவும் முடியாது, பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றி தப்பிவிடும். ஆனால் இதை வீட்டில் முடிவு செய்யாதீர்கள்.

மற்றவை

காக்காய் வலிப்பு என்பது பெருமூளையின் அணுக்கள் கட்டுப்பாடில்லாமல் ஒன்றாகச் சேர்ந்து துடிப்பது. கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதை இன்னும் விடவில்லை நாம். பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நிற்பதால் சாவிக்குப் பெயர் கிடைத்துவிட்டது. வாயில் எதையும் வைக்காமல், கை காலை அமுக்காமல், தலைக்கு அடியில் துண்டை மடித்து வைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்புவதற்குள் மறுபடி வந்தாலோ, முதல் தடவையாக இருந்தாலோ 108. நம் நாட்டில் வலிப்புக்கு ஒரு முக்கியக் காரணம் பன்றி நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போய், குஞ்சு மூளையில் தங்கிவிடுவது. முட்டைகோஸில் நெளியும் பச்சைப் புழுவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. முட்டை வருவது மனித மலத்திலிருந்து, அசுத்தத் தண்ணீர் வழியாகவும் கழுவாத கை வழியாகவும். தோட்டத்தில் பிடுங்கிய கேரட்டைச் சட்டையில் துடைத்துக் கடிக்கும் பழக்கம் எனக்கும் இருந்தது, விட்டுவிட்டேன்.

சர்க்கரை நோய் பல வருடம் இருந்தால் உடம்பின் மிக நீளமான நரம்புகள் முதலில் கெடும், அதாவது பாதம். மதமதப்பு, எரிச்சல், பிறகு உணர்வே இல்லாமல் போவது. மலைக்காரர்கள் நெருப்புக் காய்கிறோம், வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்துத் தூங்குகிறோம், தோல் வேகுவது தெரியாமல் காலையில் கொப்புளம் பார்த்தவர்கள் உண்டு. கையால் தொட்டுச் சூடு பார்த்த பிறகே காலை நீட்டுங்கள். வீட்டுச் சோதனை ஒன்று: பாதங்களைச் சேர்த்து நின்று கண்ணை மூடுங்கள், பக்கத்தில் ஒருவர் பிடிக்கத் தயாராக நிற்கட்டும். கண் திறந்திருக்கையில் நன்றாக நின்று, மூடியதும் சாய்ந்தால், பாதம் எங்கே இருக்கிறது என்ற செய்தி மூளைக்கு வரவில்லை, அல்லது காதின் சமநிலைச் செய்தியில் கோளாறு. சர்க்கரையும் பி12 வைட்டமின் குறைவும் அடிக்கடி வரும் காரணங்கள்.

சும்மா மடியில் கிடக்கும் கை நடுங்கி, எதையாவது எடுக்கப் போனால் நடுக்கம் குறைந்தால், நடையும் மெதுவானால், பார்க்கின்சனா என்று பார்க்க வேண்டும், மூளையின் அடியில் டோபமைன் என்ற செய்தி ரசாயனத்தைச் சுரக்கும் அணுக்கள் குறைவதால் வருவது. பூனைக்காலி விதையில் அதற்கான மருந்தாகிய லீவோடோபா இயற்கையாகவே இருப்பது உண்மை, ஆனால் மாத்திரையோடு சேர்த்து இஷ்டத்துக்குப் பொடியும் தின்றால் அளவு எகிறும். மறதி நோயைப் பற்றி ஒன்றே ஒன்று: பேர் மறப்பதைவிட, தினம் போகும் தெருவில் வழி தவறுவதைக் கவனியுங்கள்.

டாக்டரிடம் போவதற்கு முன்

நோட்டின் கடைசிப் பக்கத்தைச் சொற்களுக்கு ஒதுக்குங்கள். பக்கத்து வீட்டு அக்கா 'மயக்கமா வருது' என்றார், என்னையும் டாக்டரிடம் கூட்டிப் போனார். போகும் வழியிலேயே கேட்டேன்: "அறை சுத்துதாக்கா, இல்ல கண்ணு இருட்டிக்கிட்டு விழப் போற மாதிரியா, இல்ல தலை நல்லாத்தான் இருக்கு, நடந்தா காலு தள்ளாடுதா?" சுற்றினால் காதைப் பார்க்க வேண்டும், எழுந்து நிற்கையில் இருட்டினால் இரத்த அழுத்தத்தை, கால் தள்ளாடினால் நரம்பையோ சிறுமூளையையோ. மூன்றையும் ஒரே மயக்கம் என்றால் மூன்றுக்கும் ஒரே மாத்திரைதான் கிடைக்கும். கொஞ்சம் யோசித்துவிட்டு அக்கா சொன்னார், "அடுப்படியில உக்காந்து எந்திரிக்கும்போது மட்டும் இருட்டுதுடி." அதை அப்படியே டாக்டரிடம் சொல்லச் சொன்னேன். அவர் முதலில் எடுத்தது பிரஷர் பார்க்கும் கருவியை, உட்கார வைத்து ஒரு தடவை, நிற்க வைத்து ஒரு தடவை.